அணைத்த பிறகும் எரிந்த பல்பு

அந்த வீட்டில் எதை அணைத்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுப்பானாலும் சரி, விசிறியானாலும் சரி, அணைத்தவர் "அணைச்சாச்சு" என்பார். பக்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்துவிட்டு "பார்த்தாச்சு" என்று பதில் கொடுக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் இரண்டையும் தானே சொல்லிக்கொள்ளலாம். விருந்தாளிகள் முதலில் சிரிப்பார்கள். நாலு நாள் தங்கினால் அவர்களும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

சட்டம் போட்டவர் அப்பா. எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். தெருவில் அவரைக் கரண்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். சட்டம் வரக் காரணம் சித்தப்பா.

மகள் பாப்பா பிறப்பதற்கு முன்னால், அம்மாவே இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னால் நடந்தது அது. அப்போது வீடு என்பது முன்னறையும் நடையும் மட்டும். தொழில் கற்றுக்கொண்டு அப்பா தன் கையால் முதன்முதலில் வயரிங் செய்தது இந்த வீட்டுக்குத்தான். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் பெண் பேசி முடித்திருந்தார்கள். தம்பிக்குத் தபால்காரர் வேலையும் கிடைத்திருந்தது. சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாராம். அந்த நேரம் பார்த்து முன்னறை பல்பு உடைந்தது. கண்ணாடி கையோடு வந்துவிட, தகர மூடி மட்டும் ஹோல்டரில் சிக்கிக்கொண்டது. சித்தப்பா ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைத் திருகினார். கரண்ட் அவரைத் தூக்கி எறிந்தது. இடுப்பு நிலைப்படியில் போய் மோதியது.

எலும்பு கூடியது. ஒரு கால் மட்டும் குட்டையாகிவிட்டது. சைக்கிளை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டார் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் அவர்கள் வரவில்லை.

"சுவிட்சை அணைச்சிட்டுத்தான் ஏறினேன்" என்று சித்தப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாராம்.

"அணைச்சிருந்தா எப்படிடா ஷாக் அடிக்கும்?" என்று அப்பா கேட்டாராம்.

கரண்ட்காரரே கேட்ட பிறகு அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? கொஞ்ச காலத்தில் சித்தப்பா சொல்வதை நிறுத்திவிட்டார். ஆனால் அந்தப் பேச்சு வீட்டில் தங்கிவிட்டது. "கதவைப் பூட்டினியா?" என்று அம்மா கேட்பாள். "பூட்டினேன்" என்றால், "நிஜமாவா, சித்தப்பா அணைச்ச மாதிரியா?" என்பாள். பரீட்சைக்குப் படித்தாயா, மாத்திரை சாப்பிட்டாயா, எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். சித்தப்பாவே அதை எல்லாரையும்விட அதிகமாகச் சொல்வார், முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

அப்பாவின் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது இப்போது அவர் வேலை. வாங்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு பல்பையும் டெஸ்டிங் போர்டில் மாட்டி, எரியவிட்டுக் காட்டி, அணைத்து, அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் "அணைச்சாச்சு" என்பார். வாடிக்கைக்காரர்கள் பழகிப்போய் "பார்த்தாச்சு" என்பார்கள்.

பாப்பா இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கி, ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். வீட்டில் மட்டும் இன்னும் பாப்பாதான். பல்புகளை மாற்றும் யோசனை அவளுடையது. அப்பா தெருவில் பாதிப் பேருக்கு எல்.இ.டி. மாட்டிக் கொடுத்துவிட்டார். சொந்த வீட்டில் மட்டும் பழைய குண்டு பல்புகள்.

"ஊருக்கெல்லாம் வெள்ளை வெளிச்சம், நம்ம வீட்டுக்கு மஞ்சக்காமாலை" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"எரியுதில்ல? எரியறதை எதுக்குக் கழட்டணும்?" என்பது அப்பாவின் பதில்.

ஒரு விடுமுறை நாளில், அப்பா வெளி வேலைக்குப் போயிருந்தபோது, பாப்பா கடையிலிருந்து ஒரு பை நிறைய எல்.இ.டி. பல்புகளை எடுத்துவந்தாள். சித்தப்பா கூடவே வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு."

"பார்த்தாச்சு. ஏறு. ஜன்னலைப் பிடிக்காத."

ஒவ்வொரு அறையாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். குண்டு பல்புகளைச் சித்தப்பா வாங்கி, காதோரம் குலுக்கிப் பார்த்து, துணியில் துடைத்துப் பையில் போட்டார். பாப்பா எல்லா விளக்குகளையும் ஒருமுறை போட்டுக் காட்டினாள். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"ஐயய்யோ, இவ்வளவு ஒட்டடையா இருந்துச்சு?"

"இதுக்குத்தான் அண்ணி, அண்ணன் மாத்தாம இருந்தாரு. உங்க மானத்தைக் காப்பாத்த" என்றார் சித்தப்பா.

சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்குத் தலைவலி. முன்னறையில் ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். சற்று நேரத்தில் கூப்பிட்டாள்.

"பாப்பா, உன் பல்பு அணைய மாட்டேங்குது பாரு."

பாப்பா போய்ப் பார்த்தாள். சுவிட்ச் மேல்பக்கமாக, அணைந்த நிலையில்தான் இருந்தது. பல்பு எரியவில்லை, முழுதாக அணையவும் இல்லை. உள்ளே ஏதோ சாம்பல் பூத்த நெருப்பு மாதிரி மங்கலாகத் தெரிந்தது.

"அணைச்சாச்சு" என்று அம்மா இன்னொரு முறை சுவிட்சைப் போட்டு அணைத்தாள். "சொல்லேன்."

பாப்பா "பார்த்தாச்சு" சொல்லாமல் பல்பையே பார்த்தாள். அணைந்ததைப் பார்த்தால்தானே சொல்ல முடியும்.

"சித்தப்பா அணைச்ச மாதிரி அணையுது" என்று சொல்லி, அம்மா சிரித்துக்கொண்டே முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள்.

பாப்பாவும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் சுவிட்சுக்குத் திரும்பியது.

பல்பின் கோளாறாக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அம்மா எழுந்து போன பிறகு முன்னறை பல்பைச் சமையலறையிலும், சமையலறை பல்பை முன்னறையிலும் மாட்டினாள். சமையலறைக்குப் போன பல்பு ஒழுங்காக அணைந்தது. முன்னறைக்கு வந்தது மங்கலாக எரிந்தது. நடையிலும் அப்படித்தான். பின்னால் கட்டிய அறைகளில் எதுவும் இல்லை.

மிச்சமிருந்தது டெஸ்டர். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துவந்தாள். சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஸ்டூலில் நின்று, ஹோல்டருக்குள் இருந்த இரண்டு முனைகளில் ஒன்றைத் தொட்டாள். ஒன்றுமில்லை. மற்றதைத் தொட்டாள். டெஸ்டருக்குள் சின்னச் சிவப்பு வெளிச்சம் வந்தது.

பள்ளிக்கூடப் பாடம்தான். கரண்ட் ஒரு கம்பியில் வருகிறது, இன்னொரு கம்பியில் திரும்பிப் போகிறது. சுவிட்சை வருகிற கம்பியில்தான் வைக்க வேண்டும். இந்த முன்னறையில் அது போகிற கம்பியில் இருந்தது. அணைத்தால் விளக்கு அணையும். ஆனால் கரண்ட் ஹோல்டர் வரைக்கும் வந்து நின்றுகொண்டே இருக்கும், யாராவது தொடுவதற்காக. குண்டு பல்பு அதைக் காட்டிக்கொடுக்காது. எல்.இ.டி.க்குத் துளி கசிந்தாலும் போதும், மங்கலாக எரியும்.

அவள் ஸ்டூலில் நின்றபடியே இருந்தாள். பின்கட்டில் சித்தப்பா எதையோ தட்டிக்கொண்டு, ராகமில்லாமல் பாடிக்கொண்டிருந்தார். நல்ல கால் ஒன்று, குட்டைக் கால் ஒன்று என்று அவர் நடக்கும் சத்தம் கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம்.

மறுநாள் கடையில் அப்பா தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனாள். அப்பா கம்பியின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, முன்னறையில சுவிட்சை அணைச்சாலும் ஹோல்டருக்குக் கரண்ட் வருது."

"டெஸ்டர் பழசு."

"சமையலறையில காட்டலையேப்பா. அதே டெஸ்டர்தான்."

அப்பா உரிப்பதை நிறுத்தவில்லை. தேவைக்கு மேல் உரித்துக்கொண்டே போனார். தோல் அவர் மடியில் சுருள் சுருளாக விழுந்தது.

"பல்பு மங்கலா எரியுதா?" என்று கேட்டார். அவள் பல்பைப் பற்றி எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

"ஆமாம்."

"அப்பல்லாம் வர்றதும் போறதும் ரெண்டும் ஒரே கறுப்புக் கம்பி" என்றார் அப்பா. மடியில் கிடந்த சுருள்களைத் தட்டிவிட்டு, "சித்தப்பாகிட்டச் சொன்னியா?" என்றார்.

"இல்ல."

"சொல்லாத. நானே சொல்றேன்."

எல்லார் வீட்டிலும் பல்பை மாற்றிவிட்டு நம் வீட்டில் மட்டும் ஏன் மாற்றவில்லை என்ற கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்தது. தெரிந்திருந்தால் எப்போதோ சத்தமில்லாமல் சரி செய்திருப்பாரே என்றும் தோன்றியது. சரி செய்ய அந்தப் போர்டைத் திறக்க வேண்டும், திறந்தால் பார்க்க வேண்டும் என்றும் தோன்றியது. அவள் கேட்கவில்லை. அப்பாவிடம் அப்படியெல்லாம் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

அன்று மாலை அவள் வேலையிலிருந்து திரும்பியபோது முன்னறை பல்பு சுத்தமாக அணைந்தது. சுவிட்ச் போர்டைச் சுற்றிச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அம்மா அதைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா வந்து ஏதோ நோண்டினார். சரியாயிடுச்சு."

"என்ன கோளாறாம்?" என்று பாப்பா கேட்டாள்.

"லூஸ் கனெக்ஷனாம்."

சித்தப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சுவிட்சைப் போட்டார், அணைத்தார். "அணைச்சாச்சு." தலையை அண்ணாந்து பல்பைப் பார்த்தார். "பார்த்தாச்சு. அண்ணன் கை பட்டா அப்புறம் அப்பீலே கிடையாது."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அதற்கப்புறம் பாப்பா காத்திருந்தாள். அப்பா இன்று சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று ஒவ்வொரு நாளும் இருவர் முகத்தையும் பார்த்தாள். சாப்பிடும்போது அப்பா, "டேய் தம்பி" என்று ஆரம்பிப்பார். சித்தப்பா நிமிர்வார். "தண்ணியை இப்படித் தள்ளு" என்று முடித்துவிடுவார். மென்று முழுங்குவது சாப்பாட்டையா வார்த்தையையா என்று தெரியாது.

சொல்லாததற்குப் பதிலாக மற்றதெல்லாம் செய்தார். தம்பிக்குக் கால் உயரம் சரிக்கட்டிய புதுச் செருப்பு தைக்கச் சொன்னார். கடையில் முதுகு சாய்க்கிற நாற்காலி வந்தது. தனக்கென்று வைத்திருந்த மின்விசிறியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தம்பியின் அறையில் வைத்தார். ஒருநாள் "சித்தப்பா அணைச்ச மாதிரியா?" என்று அம்மா வழக்கம்போலச் சொன்னதற்கு, "போதும் நிறுத்து!" என்று கத்தினார். அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிவரும் பேச்சு. அன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

சித்தப்பா பயந்துபோனார். பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்கப்பா டாக்டர்கிட்டப் போனாரா?"

"இல்லையே, ஏன்?"

"எங்கிட்ட மறைக்காத. விசிறியைக் கொடுத்துட்டாரு. இந்த மனுஷன் யாருக்காவது எதையாவது கொடுத்துப் பாத்திருக்கியா? ஏதோ பெரிய வியாதி. நெஞ்சா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல சித்தப்பா."

"நிஜமா ஒன்னுமில்லையா, நான் அணைச்ச மாதிரியா?" என்று கேட்டுவிட்டுச் சித்தப்பா சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அவளால் தாங்க முடியவில்லை. அப்பாவிடம் போய் நின்றாள். "எப்பப்பா சொல்லப்போறீங்க?" என்றாள். அப்பா தலையைக் குனிந்து, இன்சுலேஷன் டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தார். "எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலம்மா" என்றார். அம்மா என்று அவர் அவளைக் கூப்பிட்டதே இல்லை. அவளால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

கடைசியில் அவளே சொன்னாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். அப்பா வெளி வேலையில் இருந்தார். கடையில் வியாபாரம் இல்லை. சித்தப்பா புதிதாக வந்த பல்புகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, ஒன்னு சொல்லணும்."

"யாரு பையன்?"

"ஐயோ, அது இல்ல."

"அப்ப வேலையை விட்டுட்டியா?"

"சித்தப்பா! முன்னறை பல்பு பத்தி."

அவள் சொன்னாள். வருகிற கம்பி, போகிற கம்பி, சுவிட்ச் இருந்த இடம், டெஸ்டரில் வந்த சிவப்பு. "கரண்ட்காரர் தம்பிக்கே பாடமா?" என்று நடுவில் ஒருமுறை சித்தப்பா கேட்டார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

"வீட்டுக்குக் கரண்ட் வந்த நாள்லேருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கு" என்றாள். "நீங்க அன்னிக்கு அணைச்சிருக்கீங்க. அணைச்சும் அடிச்சிருக்கு. நீங்க சொன்னதுதான் உண்மை."

சித்தப்பா கையில் இருந்த பல்பை அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். மடிப்பு தப்பாகப் போனது. பிரித்து மறுபடியும் மடித்தார்.

"இப்ப டெஸ்டர் காட்டுதா?"

"இல்ல. அப்பா கம்பியை மாத்திட்டார்."

"லூஸ் கனெக்ஷன்னுதானே சொன்னார்."

மழைத்தண்ணீர் ஷட்டரின் அடியில் வந்து எட்டிப் பார்த்தது. சித்தப்பா ஒரு சாக்கை எடுத்து நல்ல காலால் அங்கே தள்ளினார்.

"இல்ல பாப்பா" என்றார். "நான் அணைக்கல."

"சித்தப்பா..."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஸ்டூலை இழுத்துட்டு வந்தேன். அண்ணி டீ போட்டு வச்சுட்டு, ஆறுது ஆறுதுன்னு கூப்பிட்டுட்டே இருந்தாங்க. அந்த அவசரத்துல நேரா ஏறிட்டேன். சுவிட்ச் பக்கம் போகவே இல்ல. இதோ, இந்தக் கை" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். "போகவே இல்ல."

"அம்மா அப்ப இந்த வீட்டுக்கே வரலையே, சித்தப்பா."

அவர் கை அப்படியே நின்றது.

"அப்ப அண்ணன் போட்ட டீயா இருக்கும்" என்றார்.

இத்தனை வருடமாக அந்தக் கையோடுதான் அவர் வாழ்ந்திருக்கிறார். எந்தக் கை தப்பு செய்தது என்று தெரிந்துகொண்டு, அதைத் திட்டி, பிறகு மன்னித்து, அந்தக் கையாலேயே பல்பு மாட்டி, அந்தக் கையாலேயே சாப்பிட்டு. இப்போது வந்து அது தப்பே செய்யவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? பாப்பாவுக்குச் சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது. எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து இன்னும் எதையோ பிடுங்குவதாகப் பட்டது.

"உங்கப்பாகிட்ட இதெல்லாம் பேசிட்டு இருக்காத" என்றார் சித்தப்பா. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏற்கனவே உடம்பு சரியில்ல. தன் கையால செஞ்ச முதல் வேலைன்னு அதுல ஒரு பெருமை அவருக்கு. கேட்டாத் தாங்க மாட்டாரு. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

அவள் சாக்கை இன்னும் கொஞ்சம் ஷட்டர் பக்கம் தள்ளினாள்.

"சொல்லு பாப்பா."

"சொல்ல மாட்டேன்."

"நல்ல பிள்ளை."

மழை விடவில்லை. இனி யாரும் வர மாட்டார்கள் என்று கடையைக் கட்ட ஆரம்பித்தார்கள். அவள் வெளியே தொங்கிய வயர் சுருள்களை உள்ளே எடுத்துவைத்தாள். சித்தப்பா புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு டெஸ்டிங் போர்டு பக்கம் போனார். கடைசியாக மாட்டியிருந்த பல்பு எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தார்.

வழக்கமான வார்த்தைக்காகப் பாப்பா காத்திருந்தாள். வரவில்லை. அவர் மறுபடி போட்டார். மறுபடி அணைத்தார். விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது.

"பாப்பா."

"ம்?"

"நீ பாரு. அணைச்சிட்டேனா?"

"அணைச்சிட்டீங்க சித்தப்பா."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

அவள் கிட்டே போனாள். பல்பு இருட்டாக இருந்தது, உள்ளே எதுவும் மினுங்கவில்லை. பல்பிலிருந்து கண்ணை எடுத்து அந்த விரலைப் பார்த்தாள்.

"பார்த்தாச்சு. நீங்க அணைச்சிட்டீங்க" என்றாள்.

சித்தப்பா தலையாட்டினார். ஆனால் சுவிட்சை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஷட்டரை இழுக்கக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, அவர் எடுக்கும் வரை அவள் நின்றுகொண்டிருந்தாள்.